என் மாப்பிள்ளையின் மூச்சு

வக்கீலின் கழுத்தில் கத்தி இருக்கும்போதே என் மாப்பிள்ளை தூங்கிப்போனார். காலை பதினோரு மணி. பெஞ்சில் மூன்று பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டாவது நாற்காலியில் ஒருவருக்குப் பின்கழுத்தை மட்டம் பண்ணிக்கொண்டிருந்தேன். எதேச்சையாகக் கண்ணாடியைப் பார்த்தால், முதல் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறவரின் தலை மெல்ல முன்னால் சாய்கிறது. இமை மூடியிருக்கிறது. கை மட்டும் நுரைக்கு நடுவில் வைத்த இடத்திலேயே இருக்கிறது. என் கையில் இருந்த சீப்பு எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. ஒரே எட்டில் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். வக்கீலுக்குக் காதுக்குக் கீழே கடுகளவு ரத்தம். அவரும் கண்ணை மூடிச் சுகமாகத்தான் சாய்ந்திருந்தார். "என்னப்பா, கை மாறுது?" என்று மட்டும் கேட்டார். "மாப்ளைக்குக் கை அசந்துடுச்சு சார், மிச்சத்த நான் முடிச்சுடறேன்" என்று சமாளித்தேன். பெஞ்சில் இருந்த மூன்று பேரும் பேப்பரை இறக்கிவிட்டு எங்களையே பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

எங்கள் சலூனுக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது, ஆனால் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ரெண்டு நாற்காலிக் கடை என்றால்தான் ஆளுக்குத் தெரியும். முதல் நாற்காலி அவருடையது, இரண்டாவது என்னுடையது. முப்பத்தாறு வருஷமாக இதில் மாற்றமில்லை. சிநேகிதர்களாக ஆரம்பித்தோம். என் தங்கையை அவர் கட்டிக்கொண்ட பிறகு சிநேகிதம் சொந்தமாகி, சண்டை போடும் உரிமையும் கூடிப்போயிற்று. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளைகளின் முகத்தை நான் பார்த்த அளவுக்கு வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று சொல்லி வாயை அடைப்பேன். கடைக்கு மேலே மாடியில் மூன்று பேரும் இருக்கிறோம். அவருக்கு அறுபத்தாறு, எனக்கு அறுபத்தெட்டு. என் தங்கைக்கு எத்தனை என்று எழுதினால் எனக்கு அடுத்த வேளைச் சாப்பாடு கிடைக்காது.

வக்கீல் வெளியே போன அரை மணி நேரத்தில் அவள் படியிறங்கி வந்தாள். தைத்துக்கொண்டிருந்த பள்ளிச் சீருடையின் நூல் தோளில் அப்படியே ஒட்டியிருந்தது. அவர் மேசையில் இருந்த இரண்டு சவரக்கத்திகள், நான்கு கத்தரிக்கோல்கள், முடி வெட்டும் மெஷின் எல்லாவற்றையும் ஒரு துண்டில் மூட்டையாகக் கட்டினாள்.

"இனிமே இந்தக் கைக்குக் கத்தி கிடையாது. என்னிக்குத் தூங்கி விழாம இருக்கீங்களோ அன்னிக்கு வந்து கேளுங்க."

மூட்டை அவள் பீரோவுக்குள் போய்விட்டது. அவர் சண்டை போடுவார் என்று நான் காத்திருந்தேன். போடவில்லை. மறுநாளிலிருந்து துண்டு மடித்தார், தரை பெருக்கினார், "அடுத்தது யாரு, வாங்க" என்று கூப்பிட்டு என் நாற்காலிக்கு ஆள் அனுப்பினார். முதல் நாற்காலியின் தோலைத் தினமும் துடைத்துவைத்தார், உட்காரத்தான் யாரும் இல்லை. ஊரே தேடி வந்த கை அது. காது மடலுக்குப் பின்னால் இருக்கும் முடியை அவரைப்போல் எடுக்க எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. அவர் துண்டு மடிக்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

தூக்கம் வந்த காரணம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. போன வருஷம் மூச்சிறைப்பு முற்றி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்ததிலிருந்து நான் அவர் அறையில்தான் படுக்கிறேன். தங்கைக்கு விடியற்காலையிலேயே தையல் வேலை, அவளாவது தூங்கட்டும் என்று. குறட்டை கூரையைப் பிரிக்கும். அதுகூடப் பரவாயில்லை. திடீரென்று நின்றுவிடும். நான் இருட்டில் எண்ணுவேன். பத்து, பதினைந்து, இருபது. இருபத்தைந்து தாண்டும்போது நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அப்போது தண்ணீருக்குள் இருந்து தலையைத் தூக்கியவரைப்போல ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். காலையில் தலைவலி, கணுக்கால் வீக்கம், ஆளைப் பார்த்தால் இரவெல்லாம் மூட்டை சுமந்தவர் மாதிரி இருப்பார். கத்தி பறிபோன அந்த வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுக்கவைத்து, தலையிலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டிப் பரிசோதித்தார்கள். டாக்டர் எங்கள் மூவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். சிகரெட்டால் கெட்டுப்போன நுரையீரல் ஒன்று, அது பழைய வியாதி, காற்றை வெளியே விடுவதற்குச் சிரமப்படும். தூக்கத்தில் தொண்டை மூடிக்கொண்டு மூச்சு நிற்பது இன்னொன்று, மணிக்கு முப்பத்தெட்டு தடவை. தனித்தனியாக வந்தாலே தொல்லை. இரண்டும் ஒரே உடம்பில் குடியிருப்பதால் இரவில் ரத்தத்தில் நல்ல காற்று குறைந்து, கெட்ட காற்று தங்கிவிடுகிறது. பகலில் தூங்கி விழுவது அதனால்தான்.

"ஒண்ணுக்கு மட்டும் பாத்தா பத்தாது, ரெண்டுக்கும் சேத்துப் பாக்கணும்" என்றார் டாக்டர். "இப்ப உறிஞ்சற மருந்த விடக் கூடாது. ராத்திரி இந்த மெஷின் போட்டுக்கணும்."

ஒரு டிபன் பாக்ஸ் அளவுக்கு மெஷின், அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் மூக்கை மூடும் முகமூடி. ஆஸ்பத்திரியே இரவல் கொடுக்கும். ஒரு மாதம் பார்ப்பார்கள். உள்ளே இருக்கும் சின்ன கார்டு தினமும் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பதிந்துவைக்கும். இரவுக்கு நாலு மணி நேரமாவது போட்டிருந்தால் மெஷின் அவருக்கு. இல்லையென்றால், வரிசையில் காத்திருக்கும் அடுத்த ஆளுக்கு. அந்த அறைக்குப் பொறுப்பாக ஒரு அம்மாள் இருந்தார். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு எங்கே என்று தேடுகிற ரகம். முகமூடியை எப்படிப் போடுவது என்று அவர்தான் காட்டிக்கொடுத்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மூச்சுக்காரம்மா.

முதல் இரவு மாப்பிள்ளை முகமூடியைப் போட்டார். பதினோரு நிமிஷம். பிறகு பிடுங்கி எறிந்துவிட்டு, வியர்வையோடு எழுந்து உட்கார்ந்து, "எனக்கு வேணாம்டா மச்சான்" என்றார். என்ன சொல்லியும் கேட்கவில்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன், கத்தி வேண்டாமா என்று மிரட்டினேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கார்டோ நிமிஷத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மெஷின் கைவிட்டுப் போனால் கத்தியும் போனதுதான், ஆளும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது. மெஷின் வீட்டில் இருந்தால் இன்று இல்லாவிட்டாலும் நாளைக்கு மனம் மாறுவார் என்று கணக்குப் போட்டேன். அடுத்த நாள் இரவு அந்த முகமூடியை எடுத்து என் மூஞ்சியில் மாட்டிக்கொண்டு படுத்தேன்.

"உனக்கு என்னடா வந்துச்சு?" என்றார் மாப்பிள்ளை.

"யாரு போட்டான்னு கார்டுக்கு எப்படித் தெரியும்? மணி ஓடினாப் போதும். தங்கச்சிகிட்ட மூச்சு விடாத."

அவருக்கு அதில் இருந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. கள்ளத்தனத்தில் நாங்கள் பள்ளிக்கூடத்துப் பையன்களாகிவிட்டோம். காலையில் என் கன்னத்தில் இரண்டு பக்கமும் முகமூடியின் வார் பதிந்த கோடு இருக்கும். தங்கை கேட்டால் தலையணை பட்டது என்பேன். இருபத்தொன்பது இரவு ஒரு இரவு தவறாமல் அவருக்காக நான் மூச்சு விட்டேன். அவரோ பக்கத்துக் கட்டிலில் குறட்டையும் மூச்சடைப்புமாகப் பழையபடியேதான் இருந்தார். நாளைக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று தினமும் சொன்னார்.

மாதக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கார்டைப் போட்டுப் பார்த்து, புருவத்தைத் தூக்கினார். தினமும் ஏழு மணி நேரம், மூச்சு நிற்பது சுத்தமாக இல்லை. என் தங்கை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் மாப்பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தோம். அப்புறம் மணிக்கட்டில் எடுத்த ரத்தப் பரிசோதனைக் காகிதம் வந்தது. டாக்டரின் முகம் மாறிவிட்டது.

"கெட்ட காத்து கொஞ்சம்கூடக் குறையலையே. தலைவலி இருக்கா? பகல்ல தூக்கம்?"

"அப்படியேதான் இருக்கு டாக்டர்" என்றாள் தங்கை.

"மெஷின் அதோட வேலைய ஒழுங்காச் செஞ்சிருக்கு. ஆனா உடம்பு ஏத்துக்கல. அப்ப இந்த மெஷினால இவருக்குப் பிரயோஜனம் இல்ல. வரிசையில இருக்கறவங்களுக்குக் குடுத்துட்டு, இவர வார்டுல சேத்து வேற வழி பாக்கலாம்."

மெஷின் போகக் கூடாது என்றுதான் இத்தனையும் செய்தேன், அதனாலேயே மெஷின் போகிறது. வாயைத் திறக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மூச்சுக்காரம்மா கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்து, "ஒரு நிமிஷம் டாக்டர்" என்றார். தலைமேல் இருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். திரையில் அலை அலையாக ஒரு கோடு.

"இது முதல் நாள், பதினோரு நிமிஷம். கோடு ஏறுது, எறங்கும்போது மெதுவா, ரொம்ப மெதுவா எறங்குது. கெட்டுப்போன நுரையீரல் காத்த அப்படித்தான் விடும். இது ரெண்டாம் நாள்லேர்ந்து. ஏறுது, சட்டுனு எறங்குது. ஐயா, ஒரே ராத்திரியில நுரையீரல் புதுசா முளைக்காது. இது யாரோட மூச்சு?"

பின்னந்தலைச் சுழியைப் பார்த்தே ஆளைச் சொல்கிறவன் நான். முகத்தைப் பார்க்காமலே 'வாங்க மாஸ்டர், வாங்க மேனேஜர்' என்று கூப்பிடுவேன். ஒரு தலை மாதிரி இன்னொரு தலை இருக்காது என்று தெரிந்த எனக்கு, மூச்சும் அப்படித்தான் என்று புத்தியில் உறைக்காமல் போய்விட்டது. கையைத் தூக்கினேன்.

"என்னோடதுதான்மா."

தங்கை மெல்ல என் பக்கம் திரும்பினாள். என் கன்னத்தைப் பார்த்தாள்.

"தலகாணிக் கோடா அண்ணா அது?"

எனக்குத் தலை நிமிரவில்லை. டாக்டர் திட்டினார், நன்றாகவே திட்டினார். ஒரு மாதம் வீணாகிவிட்டது, இந்தக் கார்டை நம்பி வேறு ஏதாவது முடிவு எடுத்திருந்தால் ஆளுக்கே ஆபத்து என்றார். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு வேண்டியதுதான். மூச்சுக்காரம்மா மட்டும் திட்டவில்லை. நாற்காலியை மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஐயா, அந்தப் பதினோரு நிமிஷம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை முதலில் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "உள்ள இழுக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சும்மா. விட முடியல. நான் வெளிய ஊத, அது எதுத்து உள்ள ஊதுது. போன மூச்சு முடியறதுக்குள்ள அடுத்தது வந்து நெரிக்குது. செத்துருவேன்னு நெனச்சேன்" என்றார். என்னைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் ஏன் போடலன்னு திட்டினாங்க. எப்படி இருந்துச்சுன்னு யாரும் கேக்கல" என்றார்.

முப்பத்தாறு வருஷம் பக்கத்து நாற்காலியில் நின்றவன் நான். நானும் கேட்கவில்லை. அவர் பிடிவாதக்காரர் என்று முடிவுகட்டி, அவருக்குப் பதிலாக நான் படுத்துத் தூங்கியிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. அவர் முழங்காலில் கையை வைத்தேன். அவர் அதைத் தட்டிவிடவில்லை.

இதற்கு வேறொரு மெஷின் இருப்பதாக மூச்சுக்காரம்மா சொன்னார். இழுக்கும்போது வேகமாக ஊதும், விடும்போது தானாகத் தணிந்துகொள்ளும். நிதானமாகக் காலியாகிற நுரையீரலுக்கு அதுதான் தோது. கையிருப்பில் ஒன்று இருந்தது. டாக்டர் மூன்று வாரம் கொடுத்தார். எடுத்த எடுப்பிலேயே ராத்திரி முழுக்க வேண்டாம், பகலில் விழித்திருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள் என்றார் மூச்சுக்காரம்மா. "கார்டுல இந்தத் தடவ இவரு மூச்சு மட்டும் வரணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னபோதுதான் என் தங்கை சிரித்தாள். சிரிக்க ஆரம்பித்தவளுக்கு நிறுத்த முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை, "ரெண்டு கிழமும் சேந்து மூச்சுல ஆள்மாறாட்டம் பண்ணியிருக்கு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மாடியில் கட்டிலைப் பார்த்தாலே அவருக்கு அந்த முதல் இரவு ஞாபகம் வந்துவிட்டது. அதனால் மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் கடையிலேயே பழக்கினோம். முதல் நாற்காலியைப் பாதி சாய்த்து அவரை உட்காரவைத்தேன். சூடான துண்டை முகத்தில் போட்டால் பயப்படுகிற வாடிக்கையாளர்கள் உண்டு. அவர்களுக்கு நாங்கள் துண்டை முதலில் கையில்தான் கொடுப்போம், அவர்களாக முகத்துக்குக் கொண்டுபோவார்கள். அதேபோல வார் மாட்டாமல் முகமூடியை அவர் கையிலேயே கொடுத்தேன். அவரே மூக்கில் வைத்தார், எடுத்தார், வைத்தார். பெஞ்சில் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "விடுங்க, விடுங்க, இன்னும் இருக்கு, நல்லா விடுங்க" என்று ஆளாளுக்கு உற்சாகப்படுத்தினார்கள். இரண்டாம் நாள் வக்கீல் வந்தார். காதுக்குக் கீழே தழும்புகூட இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "ஒன்பது நிமிஷம், கோர்ட்டுல சாட்சி சொல்லத் தயார்" என்றார். நாலாம் நாள் வார் மாட்டி முக்கால் மணி நேரம் இருந்தார். முகமூடியோடு பேச வராது என்பதால் கையாலேயே சண்டை போட்டார். முப்பத்தாறு வருஷத்தில் நான் அவரை வாதத்தில் ஜெயித்தது அந்த வாரம்தான்.

ஒரே ஒரு தொல்லை, மீசை. முகமூடியின் ஓரத்தில் மீசை நுழைந்து காற்று கசிந்து விசில் அடித்தது. எடுத்துவிடுங்கள் என்று தங்கை சுலபமாகச் சொல்லிவிட்டாள். கத்தியைப் பறித்தபோது வாய் திறக்காத மனிதர் அன்று வீட்டை இரண்டாக்கினார். கடைசியில் அவரை உட்காரவைத்து, மூக்குக்குக் கீழே மேல் வரிசையை மட்டும், அரிசி அகலத்துக்கு, நான் ஒதுக்கிவிட்டேன். அரை மணி நேரம் ஆனது. கண்ணாடியைக் கையில் வாங்கி வலது, இடது, மறுபடி வலது பார்த்தார். "எடது பக்கம் ஒரு முடி அதிகமா எடுத்துட்ட" என்றார். விசில் நின்றுவிட்டது.

அப்புறம் மாடியில், புது மெஷினோடு முதல் இரவு இரண்டரை மணி நேரம், அடுத்து நாலு, அப்புறம் ஐந்து. ஒரு நாள் காலையில் நான் கண்ணை விழித்தபோது வெளிச்சம் முகத்தில் அடித்தது. பக்கத்துக் கட்டில் காலி. முகமூடி மட்டும் தலையணைமேல் கிடந்தது. படியில் உருண்டு விழாத குறையாக இறங்கி ஓடினேன். மனிதர் கடையைத் திறந்து, பெருக்கி, முதல் நாற்காலியின் திருகுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு, ராகமில்லாமல் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, சொல்லிட்டு எழுந்திருக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

அவர் எண்ணெய்ப் புட்டியோடு திரும்பினார். "தலை வலிக்கலடா மச்சான். எழுந்தேன், வலிக்கல. பத்து நிமிஷம் உக்காந்து காத்திருந்து பாத்தேன். வரவே இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மடித்துவைத்த துண்டு ஒன்றை எடுத்து முகத்தைத் துடைத்தேன். "அது வாடிக்கையாளருக்கு வச்சது" என்றார்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது மூச்சுக்காரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். கோடு ஏறியது, அவசரமில்லாமல் சாவகாசமாக இறங்கியது. "ஐயாவேதான்" என்றார். ரத்தத்தில் கெட்ட காற்று குறைந்திருந்தது. நுரையீரல் பழையபடி ஆகாது, மருந்தும் முகமூடியும் கடைசிவரை வேண்டும், ஆனால் மெஷின் இனி அவருடையது என்றார் டாக்டர். மாப்பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு, "கத்தி புடிக்கலாமா டாக்டர்?" என்றார்.

"பகல்ல தூங்கி விழறாராம்மா?"

"இல்ல டாக்டர். நான் பேசறத முழுசாக் கேக்கறாரு. பதிலும் சொல்றாரு. அதுதான் இப்பப் புதுத் தலவலி" என்றாள் தங்கை.

டாக்டர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். முகமூடி போடாத இரவுக்கு மறுநாள் கத்தி கிடையாது என்று ஒரு நிபந்தனை போட்டார். அதை மேற்பார்வை பார்க்க என் தங்கையைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா?

ஞாயிற்றுக்கிழமை காலை பீரோ திறந்தது. அவள் மூட்டையை எடுத்து வந்து மேசையில் பிரித்துவைத்தாள். மாப்பிள்ளை கத்தியில் புது பிளேடு மாட்டினார், நுரை கலக்கினார், முதல் நாற்காலியைத் தட்டி, "அடுத்தது யாரு, வாங்க" என்றார். பெஞ்சில் ஐந்து பேர். ஒருத்தரும் எழவில்லை. முகமூடிக்குக் கைதட்டியவர்கள்தான் எல்லோரும், இருந்தாலும் கழுத்து அவரவருடையது ஆயிற்றே. வக்கீல் பேப்பரின் கடைசிப் பக்கத்தை முதல் பக்கம்போல மும்முரமாகப் படித்தார். நாற்காலியைத் தட்டிய கை அங்கேயே நின்றது. அவர் காது மடல் சிவப்பதை நான் பார்த்தேன்.

என் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தேன். முப்பத்தாறு வருஷத்தில் நான் அதில் உட்கார்ந்ததே இல்லை. கூரை வேறு மாதிரி தெரிந்தது.

"எப்படி வேணும் சார்?" என்றார் மாப்பிள்ளை.

"மழமழன்னு."

தங்கை அவர் முழங்கைக்குப் பக்கத்தில், பிடிக்கத் தயாராக, வந்து நின்றுகொண்டாள். நுரை குளிர்ச்சியாக இருந்தது. கத்தி காதுக்குக் கீழே தொட்டது, இறங்கியது. காகிதத்தைத் தடவுகிற மாதிரி ஒரு சத்தம். எனக்குத் தலைக்கு மேலே அவர் மூச்சு கேட்டது. இழுத்தார். விட்டார், நிதானமாக, கடைசிவரை. ஒரு வருஷமாக இருட்டில் எண்ணிய பழக்கத்தில் நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு. மூன்று வந்ததாக ஞாபகமில்லை.

மிச்சத்தை வக்கீல்தான் பிறகு சொன்னார். நான் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டேனாம். பெஞ்சே சிரித்ததாம். மாப்பிள்ளை மட்டும் உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் அடக்கிவிட்டு, தொங்கிய என் தாடையை இரண்டு விரலால் மெல்லத் தூக்கிப்பிடித்து, மறு கன்னத்தை ஆரம்பித்தாராம். என் தங்கை அவர் முழங்கைப் பக்கத்திலிருந்து நகர்ந்து, பெஞ்சில் போய் உட்கார்ந்து, தையல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாளாம்.